கட்டாரிக்கு விலை சொல்பவர்கள்

இத்தாலியில் செய்த பழைய பொத்தான் கத்தி ஒன்றை மறுவிற்பனைக்கு மதிப்பிடுவோர்க்கு நன்கு பழகிய ஓர் அளவுகோல் உண்டு. அலகு சாணை பிடிக்கப்பட்டதா, கைப்பிடியின் இருபுறமும் உள்ள கொம்புத் தகடுகள் முதலில் பொருத்தியவைதாமா, வில் உறுதியாகத் தெறிக்கிறதா, அலகின் அடியில் எந்தப் பட்டறையின் முத்திரை இருக்கிறது என்று பார்ப்பார்கள். மணியாகோ, ஃப்ரொசொலோனே போன்ற ஊர்களில் செய்யப்பட்ட இக்கத்திகளை இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் ஊருக்கு எடுத்துச் சென்றனர். 1958இல் அமெரிக்கக் கூட்டரசு மாநிலங்களுக்கிடையிலான அவற்றின் வாணிகத்தைத் தடைசெய்தது. கிடைத்தற்கு அரிதாகவே விலை ஏறிற்று. பிறகு வேறு நாடுகளில் செய்த மலிவுப் போலிகளும் இத்தாலியின் பெயரைத் தாங்கி வந்தன. பட்டறையில் வரிசையாகச் செய்த ஒரு பொருளுக்கு இந்த அளவுகோல் தகும். அதில் குறைகாண ஒன்றுமில்லை.

அதே அளவுகோலைத் தென்னிந்தியக் கட்டாரியின்மேல் வைப்பதும், அப்படி வைத்துக் கிடைத்த முடிவை ஆய்வாளர்கள் வரலாறென்று எடுத்து எழுதுவதுமே குற்றம்.

விசயநகர, நாயக்கர் காலக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பியவாள் ஒன்றின் துண்டு. நீண்ட வாள் ஒடிந்தோ, வேண்டுமென்றே வெட்டப்பட்டோ, உள்ளூர்க் கொல்லரின் கைப்பிடியில் ஆணி அறைந்து பொருத்தப்பட்டது. பரங்கியர் கொணர்ந்த வாள் என்பதால் அதற்குப் ‘பிரங்கி’ என்ற பெயரே வழங்கிற்று. சந்தையின் கண்ணுக்கு இது ‘ஒட்டுப்பொருள்’. அலகும் பிடியும் ஒரே கையில் பிறக்கவில்லை, ஆகவே மதிப்புக் குறைவு. அல்லது, அலகில் ஜெனோவா என்றோ அந்திரேயா ஃபெர்ராரா என்றோ எழுத்திருந்தால் ‘இத்தாலிய அலகு’ என்று சொல்லி விலை ஏற்றப்படுகிறது. இரண்டுமே பிழை. ஃபெர்ராரா பதினாறாம் நூற்றாண்டில் பெல்லூனோ வட்டாரத்தில் இருந்த கொல்லர். அவர் பெயர் பொறித்த அலகுகள் ஒரு பட்டறை செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கையைப் பன்மடங்கு கடந்தவை. ஜெர்மனியின் சோலிங்கன் கொல்லர்கள் அப்பெயரைத் தாராளமாகப் பொறித்தார்கள். ஜெனோவாவின் குறிகளை இந்தியக் கொல்லர்களும் படியெடுத்தார்கள். முத்திரை என்பது இங்கே பிறப்புச் சான்றிதழ் அன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வாங்குவோர் எந்தப் பெயரை விரும்பினர் என்பதற்கான சான்று. வரலாற்றாளருக்கு இதுவே பெரிய செய்தி. விலைப்பட்டியலுக்கு இது இடைஞ்சல்.

இந்தக் குழப்பத்தில் காணாமற்போன ஊர் சந்திரகிரி. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பெனுகொண்டாவுக்கு நகர்ந்த அரசு, இரண்டாம் வேங்கடன் காலத்தில் திருமலையின் அடிவாரத்துக்கு வந்தது. இயேசு சபையார் 1598 முதல் அந்த அவைக்கு வந்து போயினர். பர்த்தொலோமேயோ ஃபொந்தெபோனா என்ற இத்தாலிய ஓவியரே அவ்வரசனிடம் சில காலம் இருந்தார். ஐரோப்பியப் பொருளும் உள்ளூர்க் கைவினையும் சந்தித்த அவை அது. ஆயினும், முகமூடிபோல் வளைந்த கைக்காப்புள்ள கட்டாரி எங்கே ஏலத்துக்கு வந்தாலும் அது ‘தஞ்சாவூர்’ எனப்படுகிறது. காரணம் எளிது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தபின் கும்பினியார் தஞ்சையை எடுத்துக்கொண்டனர். அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. பெரும்பகுதி பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. தப்பியவை சேகரிப்பாளர் கைகளில் பரவின. ஆக, ‘தஞ்சாவூர்’ என்பது பல பொருள்களுக்கு அவை கடைசியாகக் கிடந்த அறையின் பெயர். செய்த ஊரின் பெயரன்று. சந்திரகிரியும் வேலூரும் செஞ்சியும் மதுரையும் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துவிட்டன.

இதற்குச் சந்தையை மட்டும் நோவது முறையன்று. துறையின் சொற்களே சேகரிப்பாளர் தந்தவை. எகெர்ட்டனின் 1880ஆம் ஆண்டுக் கையேடும், ஜார்ஜ் கேமரூன் ஸ்டோனின் 1934ஆம் ஆண்டுச் சொற்களஞ்சியமும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. இருவரும் ஆயுதங்களைத் தாமே சேர்த்தவர்கள். வடிவத்தை வைத்து வகைப்படுத்துவது அலமாரியை அடுக்க உதவும். செய்தவன் யார், ஏந்தியவன் யார், எந்த விழாவில் எந்தத் தெய்வத்தின்முன் அது வைக்கப்பட்டது என்பவற்றை அலமாரி கேட்பதில்லை. ராபர்ட் எல்குட் 2004இல் எழுதிய நூல் இந்தக் கேள்விகளை எழுப்பிற்று. அதன் படங்கள் ஏலக் குறிப்புகளில் ஒப்புமைக்குப் பயன்பட்ட அளவுக்கு அதன் வாதம் இங்குள்ள ஆய்வேடுகளில் பயன்படவில்லை.

சேகரிப்பாளர் தரப்பில் ஒரு விடை உண்டு: நாங்கள் வாங்கியிராவிட்டால் எல்லாம் உலைக்குப் போயிருக்கும். பாதி உண்மை. ஸ்டோன் தம் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே விட்டுச் சென்றார்; இன்று எவரும் பார்க்கலாம். ஆனால் காப்பாற்றப்பட்டது இரும்பு. எந்த வீட்டிலிருந்து, யாரிடமிருந்து, எப்போது வாங்கப்பட்டது என்ற குறிப்பு பெரும்பாலும் காப்பாற்றப்படவில்லை; விற்பவருக்கு அதை மறைப்பதில் ஆதாயமும் இருந்தது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. அதன்பின் விந்தையான ஒன்று நிகழ்ந்தது: ‘நெடுங்காலமாக ஐரோப்பியத் தனியார் சேகரிப்பில்’ என்ற ஒரு வரியே விலையின் பகுதியாயிற்று. வரலாறு தேவைப்பட்டது, சட்டத்துக்குக் காட்டும் அளவுக்கு மட்டும்.

பொருளின் மதிப்பை எழுதும் வேறு முறை இந்நிலத்துக்குப் புதிதன்று. 966இல் சாமவை என்ற பல்லவ குலத்துப் பெண் திருமலைக்கு வெள்ளித் திருமேனி அளித்தபோது, அதற்குரிய நகைகள் எடையோடு தமிழில் கல்லில் வெட்டப்பட்டன. 1513இல் கிருஷ்ணதேவராயரின் கொடைகளைப் பதிந்த கல்வெட்டுகளில் அணிகலன்களோடு மணிகள் இழைத்த வாளும் இடம்பெறுகிறது. கொடுத்தவர் பெயரும் நாளும் பொன்னின் எடையும் அங்கே உண்டு. அவற்றைத் தேவஸ்தானமே 1930களில் நூல்களாக அச்சிட்டது. ஆயுதம் பற்றி எழுதும் எத்தனை ஆய்வேடுகள் அந்தத் தொகுதிகளைப் புரட்டியிருக்கின்றன?

இனி ஒரு கட்டாரியைப் பற்றி எழுதப் புகுவோர் ஏலப் பட்டியலைத் திறக்குமுன் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. எழும்பூர் அருங்காட்சியகப் பதிவேட்டில் அது வந்த வழியைப் பார்க்கலாம். அலகின் அகலத்தையும் தடிமனையும் அளந்து, வெட்டப்பட்ட வாளா முழுமையாக அடித்த அலகா என்று சொல்லலாம். ஆணிகள் எத்தனை முறை கழற்றி மாட்டப்பட்டன என்பதை அவற்றின் துளைகளே காட்டும். ஊர் தெரியாதபோது ‘தஞ்சாவூர்’ என்று எழுதாமல், ஊர் தெரியவில்லை என்று எழுதலாம். விலை அதனால் குறையும். ஆய்வேட்டுக்கு அதனால் ஒன்றும் குறையாது.