ரிப்போட்டில் ஒன்றுமில்லையாம்

"மொகுத் நே" என்றார் டொக்டர். ஒன்றுமில்லையாம். இரத்தம் சரி, மலம் சரி, ஸ்கேன் சரி, கெமரா விட்டுப் பார்த்த குடலும் சரி. ரிப்போட்டுகளைப் பொலித்தீன் பைக்குள் திருப்பிப் போட்டு என் கையில் தந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அரநாயக்கவில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சிங்களம் விளங்காதா? வேலைக்குப் போகாமல் இருக்க இந்தத் தோட்டத்துப் பொம்பளைகளுக்கு வயிற்று வலி நல்ல சாட்டு என்றார்.

சாட்டா? சாட்டுச் சொல்லிப் படுத்துக்கொண்டால் என் அடுப்பை யார் மூட்டுவது?

நான் ரப்பர் பால் வெட்டுகிறவள். விடியும் முன்னமே மலையில் நிற்க வேண்டும். குளிர் இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரம் அடக்கிக்கொள்ளும். என் வயிற்றுக்கும் அதே நேரம்தான். எழும்பி ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால் போதும், குடலை ஈரத்துணி பிழிவது போல் முறுக்கும். வெளிக்குப் போனால் கொஞ்சம் விடும். லயத்திலிருந்து இறங்கி நாலு மரம் வெட்டுவதற்குள் திரும்ப வரும். சில நாள் ஐந்து தரம், ஆறு தரம். பிறகு மூன்று நாளைக்கு ஒன்றுமே போகாது. வயிறு மத்தளமாய் வீங்கிவிடும். பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டினாலும் மூச்சு முட்டும். போதாக்குறைக்கு உள்ளே உருளுகிற சத்தம் வேறு. "அது வயிறா, ரேடியோப் பெட்டியா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

மலையில் கக்கூஸ் இல்லை. எங்கள் மலையில் என்றைக்குமே இருந்ததில்லை. ஆம்பளைகள் மரத்துக்குப் பின்னால் திரும்பி நின்றுவிடுவார்கள். நாங்கள் எங்கே போவது?

ஒரு நாள், இரவு மழை விட்டுப் பட்டை காய்ந்த விடியல். பட்டையில் கத்தியை வைத்துப் பாதி இழுத்திருப்பேன், முறுக்கு வந்தது. கத்தியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு கல்லுக்குப் பின்னால் குந்தினேன். அட்டைகள் மோப்பம் பிடித்து வந்தன. விரலிடுக்கில் இரண்டு, முழங்காலுக்கு மேலே ஒன்று. எழும்பவும் முடியவில்லை, குனிந்து பிய்க்கவும் முடியவில்லை. மேலே பாதையில் கங்காணி நின்று கத்துகிறார்: "யாரு அது, மரத்தப் பாதியில விட்டுட்டுப் போனது?" நான் வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துவிடும். திரும்பி வந்து பார்த்தேன். அரைகுறையாய் இழுத்த வெட்டிலிருந்து பால் சிரட்டைக்குள் விழாமல் பட்டை வழியே வழிந்து மண்ணுக்குப் போயிருந்தது. அன்றைக்குக் கிலோ குறைவு. எனக்கு அரைப்பேர், பாதி நாள் கூலிதான்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் தேதியே சொல்வேன். 2016 மே மாதம், விடாத மழை. 17 ஆம் திகதி மாலை சாமசர மலை இறங்கி வந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே மூன்று கிராமத்தையும் மூடியது. அதே மழையில் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்து லயத்தின் மேலும் மண் விழுந்தது. எங்கள் லயத்துச் சுவரும் வெடித்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முகாமுக்குப் போனோம். அத்தனை சனத்துக்கும் நாலு கக்கூஸ். நாலாம் நாள் எனக்கு வயிற்றோட்டம் பிடித்தது. பத்து நாளில் ஓட்டம் நின்றது. வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பி வரவில்லை.

மாமி சொன்னார், யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று. மருந்து எடுக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் என் வயிற்றைத் தடவி, கறுப்பாய் ஒரு உருண்டையை எடுத்துக் காட்டினார். காசு கொடுத்தோம். அடுத்த விடியலும் முறுக்கியது. அவரையாவது ஒரு விஷயத்துக்கு மெச்ச வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி, கிளினிக், இன்னொரு ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் பேர் போனது. கான்சராக இருக்குமோ என்று இரவில் தூக்கம் போனது. தூங்காவிட்டால் வயிறு இன்னும் கெட்டது. வருத்தத்தைச் சொல்லப் போனால் பாஷையும் தடை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி ஆகிவிட்டதாம். கிளினிக் கதிரையில் உட்கார்ந்து, கழிவறைச் சமாசாரத்தை அரைகுறைச் சிங்களத்தில், நாலு ஆம்பளைகள் காதில் விழ, சத்தமாய்ச் சொல்லிப் பாருங்கள். ஆட்சிமொழியின் அழகு அப்போது தெரியும்.

கடைசியில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தமிழ்ப் பையன்தான் காது கொடுத்தான். ஏழு படம் போட்ட தாளொன்றை எடுத்து வைத்து, "அம்மா, உங்களுக்கு எது மாதிரிப் போகுது? தொட்டுக் காட்டுங்க" என்றான். ஆட்டுப் புழுக்கை மாதிரி ஒன்று, வெறும் தண்ணீராய் ஒன்று, நடுவே மற்றவை. நான் முதலாவதையும் ஆறாவதையும் தொட்டேன். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தத் தாளுக்குச் சிங்களமும் வேண்டாம், தமிழும் வேண்டாம். இத்தனை வருஷம் அதை ஏன் ஒருவரும் என் முன்னால் வைக்கவில்லை?

"இதுக்குப் பேர் இருக்கு அம்மா. ஐ.பி.எஸ். எரிச்சல் குடல் எண்டு சொல்லுவம்" என்றான். கள்ளன் வந்து போன வீட்டு நாய், பிறகு இலை விழுந்தாலும் குரைக்குமாம். முகாமில் பிடித்த வயிற்றோட்டம்தான் அந்தக் கள்ளன். கிருமி போய்விட்டது, குடல் நரம்புகள் இன்னும் குரைக்கின்றன. மற்றவர்களுக்குத் தெரியாமலே நகர்ந்து போகிற வாய்வு எனக்குக் கத்திக்குத்தாகத் தெரிகிறது. குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. நாய் குரைக்கிற சத்தம் ஸ்கேனில் விழாது.

ஒரு பேருக்காகவா இத்தனை நாள் அலைந்தேன் என்று அங்கேயே அழுதேன்.

மூன்று மாதமாக, வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி; வலியோடு வெளிக்குப் போகிற தடவையோ போகிற விதமோ மாறுவது; தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருப்பது. இதைக் கேட்டே கண்டுபிடிக்கலாமாம். ரோம் விதிகள் என்று உலகத்து நிபுணர்கள் வகுத்ததன் நாலாவது பதிப்பு வெளிவந்தது 2016 மே மாதம். எங்கள் மேல் மண் இறங்கிய அதே மாதம்! தூர தேசமும் வேண்டாம். ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், பேராசிரியர்கள் ஷாமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் இந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் வயிற்று வலியைத்தான் வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். மன உளைச்சலுக்கு ஆளான பிள்ளைகளுக்கு இது கூட என்று எழுதினார்கள். கொழும்புப் பாதையில் ராகமை எவ்வளவு தூரம்? அந்த அறிவு மட்டும் ஏன் மலை ஏறுவதில்லை?

கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாப்பிடச் சொன்னான். தேத்தண்ணியைக் குறைக்க வேண்டும், உறைப்பைக் குறைக்க வேண்டும். கோதுமை மாவும் வெங்காயமும் பூண்டும் சிலருக்கு வாய்வைக் கிளப்பும், சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம் என்றான். கேட்டுவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கோதுமை ரொட்டியும் வெங்காயச் சம்பலும் இல்லாமல் மலைக்கு என்னத்தைக் கட்டிக்கொண்டு போவது? தலைமுறை தலைமுறையாய்த் தோட்டத்தில் மாவைத் தந்து பழக்கிவிட்டு, இப்போது மாவு ஆகாதாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது காலையில் சோறு கட்டுகிறேன். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன். கால்வாசி குறைந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது.

இரவில் ஒரு சின்னக் குளிசையும் தந்தான், அமிட்ரிப்டிலின். அதைப் பார்த்த பக்கத்துக் காம்பராக்காரி, பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்து என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். குறைந்த அளவில் அது குடல் நரம்பை அமர்த்தும். இங்கிலாந்தில் 463 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சியில், மருந்தில்லாத வெறும் குளிசை விழுங்கியவர்களை விட இதைக் குடித்தவர்களுக்குக் குணம் கூட என்று 2023 இல் வந்திருக்கிறது. மகள் போனில் வாசித்துக் காட்டினாள். எனக்குப் பைத்தியம் இல்லை. இனிமேல் பிடித்தால் அதற்கு இந்த லயத்து வாய்தான் காரணம்.

அதே 2023 இல் எங்கள் சனம் இந்தியாவிலிருந்து வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் நடந்த வழி. போக எனக்கும் ஆசை. வழியில் எங்கே ஒதுங்குவது என்று நினைத்தேன், ஆசையை விட்டேன்.

என் கதையைக் கேட்டுவிட்டு எல்லா வயிற்று வலியும் இதுதான் என்று யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். இரத்தம் போனால், உடம்பு வற்றினால், இரவில் தூக்கத்திலிருந்து வலி எழுப்பினால், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாய்த் தொடங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிஸ் சிரித்தால் சிரிக்கட்டும்.

துரைமாரே, என் வருத்தத்தை மாற்றச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. டொக்டராலேயே அதை முழுதாய் மாற்ற முடியாது. மலைக்கு ஒன்றாய், நாலு தகரமும் உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவும் ஒரு வாளி தண்ணீரும் வையுங்கள். போய் வருகிற பத்து நிமிஷத்துக்குப் பேரை வெட்டாதீர்கள்.

அரைப்பேர் விழுந்த நாட்களைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். போன வருஷம் மட்டும் முப்பத்தொன்று.