நம்பர் பிளேட்டின் சொந்த ஊர்

புனேயை ஒட்டிய கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையில், நாசிக் பாட்டா சந்திப்பில் இரண்டடுக்கு மேம்பாலம் ஒன்று நிற்கிறது. ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளர்களின் மோட்டார் சைக்கிள்கள், கம்பெனி பஸ்கள், ஆட்டோக்கள் என்று சாலை எப்போதும் நெரிகிறது. 2022 மார்ச்சிலிருந்து மெட்ரோவும் ஓடுகிறது. மேம்பாலத்துக்கு வைத்த பெயர் ஜே.ஆர்.டி. டாடா. தொழிலதிபர், விமானி, பாரத ரத்னா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பித்தர் என்பது அந்தப் பாலத்தைக் கடப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இளவயதில் அவரிடம் ஒரு புகாட்டி இருந்தது. பம்பாயிலிருந்து புனேக்கு இதே சாலை வழியாக இரண்டரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார் என்று சொல்வார்கள். போர்காட் மலைப்பாதையை நினைத்தால் நம்புவது சற்றுச் சிரமம்தான். காரை அதிவேகமாக ஓட்டிய வழக்கில் வாதாட ஜாக் விகாஜி என்ற வக்கீலை அமர்த்தினார். அவருடைய உறவுப் பெண் தெல்மாவை அங்கே சந்தித்து, 1930ல் மணந்தார்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கார்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் பதில் சுலபம்: சமஸ்தான அரண்மனைகளிலும் பம்பாயின் சில பங்களாக்களிலும். இப்போது அந்தக் கேள்வி சிக்கலாகிவிட்டது.

லம்போர்கினி நிறுவனம் 2023ல் இந்தியாவில் விற்றது 103 கார்கள். மறு வருடம் 113. அமெரிக்காவில் 2023ல் மட்டும் 3,000. இங்கே அதன் விற்பனைக் கூடங்கள் மும்பை, டெல்லி, பெங்களூர் என்று மூன்றே ஊர்களில். கப்பலில் வந்திறங்கும் காருக்கு 100 சதவீதமும் அதற்கு மேலும் சுங்கவரி என்பது நீண்ட நாள் வழக்கம். கசார்வாடியைச் சுற்றிக் கார் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. 1995ல் டெல்கோவோடு சேர்ந்து இங்கே மெர்சிடிஸ் பூட்டத் தொடங்கினார்கள். 2009ல் சாக்கனில் அதற்கென்றே ஆலை வந்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் பிடிபடவில்லை. இளைஞராக இருந்தபோது சைரஸ் பூனாவாலா ஜாகுவார் டி டைப்பைப் பார்த்து மாதிரி கார் ஒன்றைச் செய்து பார்த்தார். கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் கைவிட்டு, 1966ல் சீரம் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். புனேக்குக் கார் போய்த் தடுப்பூசி கிடைத்தது.

சரி, கார்கள் எங்கே குவிந்திருக்கின்றன? நம்பர் பிளேட்டை வைத்துக் கணக்கெடுப்பவர் ஏமாந்துபோவார். அமெரிக்காவில் பணக்காரக் கார்களுக்குப் பேர்போனவை கலிபோர்னியாவும் புளோரிடாவும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் தெருவில் போகும் பெராரியின் பின்னால் மோன்டானா என்று எழுதியிருக்கும். மலையும் மேய்ச்சல் நிலமும் பனியுமான அந்த மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. அங்கே காகிதத்தில் ஒரு கம்பெனியைத் தொடங்கி, அதன் பெயரில் காரைப் பதிவு செய்துவிட்டால் முடிந்தது. கார் ஒருநாளும் மோன்டானாவைப் பார்த்திருக்காது.

நம்மூர் மோன்டானா எது என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத வரி இருந்த காலத்தில், புதுச்சேரியில் ஒன்றிரண்டு லட்சத்தோடு காரியம் முடிந்தது. கொச்சியில் வசிக்கும் சினிமா நட்சத்திரங்களுக்கு திடீரென்று புதுச்சேரியில் வாடகை வீட்டு முகவரி முளைத்தது. 2017ல் விவகாரம் வெடித்து வழக்குகள் வந்தன.

கசார்வாடி இருக்கும் மகாராஷ்டிரமும் லேசுப்பட்டதல்ல. அங்கே வாகன வரிக்கு உச்சவரம்பு உண்டு. கார் எத்தனை கோடியானாலும் 20 லட்சத்துக்கு மேல் வரி கட்ட வேண்டாம் என்பது பல வருட விதி. 2025 ஜூலையில் இது 30 லட்சமானது. கர்நாடகத்தில் அப்படி வரம்பில்லை. விளைவு: 2025 ஜூலையில் மகாராஷ்டிர நம்பரோடு பெங்களூரில் ஓடிக்கொண்டிருந்த சிவப்பு பெராரி எஸ்.எஃப்.90 ஒன்றைப் போக்குவரத்து அதிகாரிகள் பிடித்தார்கள். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். உரிமையாளர் கட்டிய தொகை, அபராதத்தோடு சேர்த்து, சுமார் 1 கோடியே 42 லட்சம்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். 5 கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம் என்றால் 4 சதவீதம். வரம்பு 30 லட்சமான பிறகு 6 சதவீதம். நாசிக் பாட்டாவில் சிக்னலுக்குக் காத்திருக்கும் பிட்டர், தன் 125 சிசி மோட்டார் சைக்கிளுக்கு மகாராஷ்டிரத்தின் 2017 விகிதப்படி கட்டியது 11 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு 11,000. அவருடைய வரிக்கு உச்சவரம்பு கிடையாது; தேவையும் இல்லை, பாவம். வரம்பை எடுத்துவிட்டால் பணக்காரர்கள் வேறு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள் என்பது வழக்கமான வாதம். மாநிலங்கள் ஒன்றையொன்று பார்த்து இப்படி வரியைக் குறைத்துக்கொண்டே போனால் லாபம் யாருக்கு என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நம்பரே இல்லாமலும் கார் ஓடும் என்பதைப் புனே பார்த்தது. 2024 மே 19 அதிகாலை கல்யாணி நகரில் ஒரு போர்ஷே டைகான் மோட்டார் சைக்கிளில் மோதி, 24 வயது ஐ.டி. என்ஜினியர்கள் இருவர் இறந்தார்கள். காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்ட பையனுக்கு வயது 17. அன்றே ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று 300 வார்த்தையில் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. பெங்களூர் டீலரிடமிருந்து தற்காலிகப் பதிவோடு புனேக்கு வந்த கார் அது. மின்சாரக் கார் என்பதால் மகாராஷ்டிரத்தில் சாலை வரி கிடையாது. நிரந்தரப் பதிவுக்குக் கட்ட வேண்டியிருந்த கட்டணம் 1,758 ரூபாய். மார்ச்சிலிருந்தே அதை யாரும் கட்டவில்லை.