பெடல் இறுகாமல் புறப்படாதீர்கள்

சகோதரிகளே, கணவரை இழந்த காத்தான்குடி ராத்தா ஒருவர் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பை மீன் ஏற்றக் கூலிக்கு விட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறார். பின் சில்லுகளில் எத்தனை தடவை எயார் எடுத்தும் பிரேக் பெடல் பஞ்சுபோல் இறங்கியது. மாஸ்டர் பம்ப்பை மாற்றச் சொன்னார்கள். காசுக்கு எங்கே போவார்? இன்னொரு மெக்கானிக்கிடம் விசாரித்தார்.

இவ்வகைப் பிக்கப் பலவற்றில், பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தை மாற்றும் வால்வு ஒன்று பின் அச்சருகே உண்டு. ஜாக்கியில் தூக்கி அச்சுத் தொங்கினால், பாரமில்லையென்று அது ஒயிலைத் தடுக்கும். எயாரும் சரியாக வெளியேறாது. வண்டியைச் சில்லுகளில் நிறுத்தி, கடைசியாக வால்வின் நிப்பிளிலும் எயார் எடுத்ததும் பெடல் இறுகியது.

ஒயில் டாங்கி வற்றவிடாதீர்கள். வடித்த ஒயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். அதன் பிறகும் பெடல் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். ஒருநாள் உழைப்புப் போனாலும் உயிர் போகக்கூடாது. காரணம் கேட்டபிறகே காசு கொடுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.