யாருக்கு ஆதரவு? எதிலிருந்து பாதுகாப்பு?

ஆண்டு பிறக்கும் வேளையில் உறுப்பினர்களுக்கு வாக்குறுதிகளை அள்ளி வழங்குவது வணிகர் அமைப்புகளின் வழக்கம். டிஜிட்டல் பயிற்சி, எளிய கடன், சட்டச் சுமைக் குறைப்பு, சுதேசி இயக்கம் என்னும் நான்கும் அப்பட்டியலில் தவறாமல் இடம்பெறும். 2026-ஆம் ஆண்டை நோக்கியும் இதே குரல்தான் ஒலிக்கிறது. தில்லி சதர் பஜாரின் மொத்த வியாபாரியும் பீகாரின் சிற்றூரில் எண்ணெயும் உப்பும் விற்கும் மளிகைக் கடைக்காரரும் ‘வணிகர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்படுகின்றனர். அச்சொல்லின் நிழலில் அம்பானியும் வந்து அமர்ந்துகொள்கிறார். ஆகவே, ‘உறுப்பினர்களுக்கு ஆதரவு’ என்று ஒரு சங்கம் அறிவிக்கும்போது, எந்த உறுப்பினருக்கு, எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்பது உழைக்கும் வர்க்க இயக்கத்தின் கடமையாகிறது.

நோயைச் சொல்லி, காரணத்தை மறைப்போர்

வணிகர் அமைப்புகளுள் மிகப் பெரியதாகத் தன்னை முன்னிறுத்திக்கொள்வது அகில இந்திய வர்த்தகர் கூட்டமைப்பு. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிறு வணிகர்களையும் 40,000-க்கும் மேற்பட்ட சங்கங்களையும் தான் பிரதிநிதித்துவப்படுத்துவதாக அது உரிமை கோருகிறது. அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் அடக்கவிலைக்குக் கீழே விற்றுச் சிறு கடைகளை வீழ்த்துவதை இக்கூட்டமைப்பு பல்லாண்டுகளாகக் கண்டித்து வருகிறது. விரைவு விநியோக நிறுவனங்களைச் சாடி 2024 நவம்பரில் வெள்ளை அறிக்கையும் வெளியிட்டது. அவ்விமர்சனத்தில் உண்மை உண்டு. நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்திய சம்மேளனம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓராண்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டுள்ளன.

நோய் சரியாகவே சொல்லப்படுகிறது. நோய்க்குக் காரணமானவர் பெயர் மட்டும் சொல்லப்படுவதில்லை. 2012-இல் மன்மோகன் சிங் அரசு பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அனுமதித்தபோது, அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடைபெற்றது. இடதுசாரிகள் அன்று வீதியில் நின்றனர். பாஜகவும் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. 2014 தேர்தல் அறிக்கையிலும் அதையே எழுதிக்கொடுத்து வணிகர்களின் வாக்கைப் பெற்றது. ஆட்சிக்கு வந்த இரண்டே ஆண்டுகளில், இணையவழிச் சந்தைத் தளங்களில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு வழிவகுத்தது. முன்வாசலை மூடுவதாகச் சொல்லிப் பின்வாசலைத் திறந்துவிட்ட கதை இது. 2018-இல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்குகளைக் கைப்பற்றியது அந்தப் பின்வாசல் வழியாகத்தான்.

2019 பிப்ரவரியில் வரைவாக வெளியான தேசிய மின்வணிகக் கொள்கை இன்றுவரை சட்ட வடிவம் பெறவில்லை. தில்லி வணிகர் அமைப்பொன்றின் புகாரின்மேல் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் உத்தரவிட்ட விசாரணை, நீதிமன்றத் தடைகளைக் கடந்து அறிக்கையாக முடிவதற்கு 2024 ஆகிவிட்டது. இந்த நான்கரை ஆண்டுகளில் மூடப்பட்ட கடைகள் மீண்டும் திறக்கப்போவதில்லை. இத்தனைக்கும் ஒன்றிய அரசைப் பொறுப்பாக்கி உறுதியான தொடர் போராட்டத்திற்கு இக்கூட்டமைப்பின் தலைமை முனைவதில்லை. அதன் பொதுச் செயலாளர் பிரவீன் கண்டேல்வால் சாந்தினி சவுக் தொகுதியின் பாஜக நாடாளுமன்ற உறுப்பினர் என்பதை நினைவிற்கொண்டால் இம்மௌனம் வியப்பளிக்காது. ஆளும் கட்சியின் இருக்கையில் அமர்ந்துகொண்டு ஆளும் கட்சியின் கொள்கையை எதிர்க்க முடியாது.

பயிற்சி தருவது யார்?

‘காலத்திற்கேற்ப மாறுங்கள், டிஜிட்டல் பயிற்சி தருகிறோம்’ என்பது முதல் வாக்குறுதி. 2023-இல் இக்கூட்டமைப்பு மெட்டா நிறுவனத்துடன் கைகோத்து, ஒரு கோடி வணிகர்களுக்கு வாட்ஸ்அப் வழி வியாபாரத்தைக் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கற்பது தீங்கன்று, கருவியைப் பயன்படுத்துவதும் தீங்கன்று. ஆனால் அக்கருவி யாருடையது? 2020-இல் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் 43,574 கோடி ரூபாயை முதலீடு செய்து 9.99 சதவீதப் பங்கை வாங்கியது இதே மெட்டாதான் (அன்றைய பெயர் ஃபேஸ்புக்). 2022-இல் ஜியோமார்ட் வாட்ஸ்அப்பிலேயே கடை விரித்தது. தெருமுனைக் கடைக்காரர் தம் வாடிக்கையாளரின் பட்டியலையும், வாங்கும் பழக்கத்தையும், கொடுக்கல் வாங்கல் கணக்கையும் எந்த மேடையில் ஏற்றப் பயிற்றுவிக்கப்படுகிறாரோ, அந்த மேடையின் உடைமையாளரும் நாட்டின் மிகப் பெரிய சில்லறை வணிக முதலாளியும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றனர்.

இதற்கு மாறான பாதை இல்லாமல் இல்லை. 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள், ஜியோமார்ட்டுக்கு ஒரு விலை, தங்களுக்கு ஒரு விலையா என்று கேட்டு கோல்கேட் பொருள்களின் விநியோகத்தை நிறுத்தினர். பயிற்சிச் சான்றிதழ் அவர்களுக்கு அத்துணிவைத் தரவில்லை. கூட்டாகச் சரக்கை நிறுத்தும் வலிமை தங்களிடம் இருப்பதை உணர்ந்ததே அதைத் தந்தது.

‘இந்தியப் பொருளே நம் தன்மானம்’ என்னும் பொருள்பட எழுப்பப்படும் சுதேசி முழக்கத்தின் நிலையும் இதுவே. கடையின் பலகையில் சுதேசி. கடையை விழுங்கும் மூலதனம் விதேசி. மின்வணிகத்தில் எஞ்சியுள்ள கட்டுப்பாடுகளையும் ‘வர்த்தகத் தடை’ என்று அமெரிக்க அரசு தன் ஆண்டறிக்கைகளில் தொடர்ந்து குறிப்பிட்டு வருகிறது. அந்த அழுத்தத்திற்குப் பணிய மாட்டோம் என்று நாடாளுமன்றத்தில் அரசைச் சொல்லவைப்பதே உண்மையான சுதேசி. சீனப் பட்டாசையும் பொம்மையையும் புறக்கணிக்கச் சொல்வது சுலபம். வாஷிங்டனின் கோரிக்கையை நிராகரிக்கச் சொல்வதற்குத்தான் முதுகெலும்பு வேண்டும்.

கடனும் ஓய்வூதியமும்

அடுத்த வாக்குறுதி கடன். முத்ரா கடனின் உச்சவரம்பு 2024 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. விற்பனை பெருகும் கடைக்குக் கடன் முதலாகும். விற்பனை குறையும் கடைக்கு அதுவே சுமையாகும். முதலீட்டாளரின் பணத்தைக் கொட்டி, நட்டத்திற்கு விற்றுச் சந்தையைப் பிடிக்கும் நிறுவனத்தோடு வட்டிக்கு வாங்கிய பணத்தைக் கொண்டு போட்டியிடச் சொல்வது, வெள்ளத்தில் மூழ்குபவரிடம் நீந்தும் உடையை விலைக்கு விற்பது போன்றது.

முதுமைக்கு என்ன வழி? 2019-இல் ராஞ்சியில் பிரதமர் தொடங்கிவைத்த சிறு வணிகர் ஓய்வூதியத் திட்டம் மூன்று கோடிப் பேருக்கானது என்று முரசறையப்பட்டது. மாதம் 55 முதல் 200 ரூபாய் வரை கட்டினால் அறுபது வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். பதினெட்டு வயதில் சேர்பவர் நாற்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அந்த மூவாயிரம் எத்தனை நாள் மளிகைக்குப் போதுமானது என்பதை மளிகைக் கடைக்காரரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அதனால்தான் சேர்ந்தோரின் எண்ணிக்கை அறிவிக்கப்பட்ட இலக்கின் அருகில்கூட வரவில்லை.

கல்லாவுக்கு அப்பால் நிற்பவர்

வணிகர் அமைப்புகளின் திட்டங்களில் முற்றாக விடுபட்டுப்போகும் ஒருவர் உண்டு. காலையில் ஷட்டரைத் தூக்குபவரும், மூட்டை இறக்குபவரும், பொட்டலம் கட்டுபவரும், இரவு கடைசியாக வீடு திரும்புபவரும் அவரே. ‘சட்டச் சுமைக் குறைப்பு’ என்று மங்கலச் சொல்லால் குறிக்கப்படுவது பெரும்பாலும் இவருடைய உரிமைகளின் குறைப்பே. 2017-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கடைகள் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் கடைகளைத் தன் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கியது. 2025 செப்டம்பரில் அம்மாநில அமைச்சரவை கடை ஊழியரின் அன்றாட வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து பத்து மணியாக உயர்த்த ஒப்புதல் அளித்தது. நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள், பணியிடப் பாதுகாப்புக்கானது பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களையே எட்டிப்பார்க்கிறது.

வேலை நேரத்தைக் கூட்டுவதால் சிறு கடை பிழைக்குமா? பிழைக்காது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் இருட்டுக் கிடங்கோடு நேரத்தில் போட்டியிட்டு எந்தத் தெருக்கடையும் வெல்ல முடியாது. அக்கிடங்கிலிருந்து பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவர உயிரைப் பணயம் வைக்கும் இளைஞரை நிறுவனம் ‘பங்காளி’ என்று அழைக்கிறது. இலாபத்தில் பங்கில்லாத பங்காளி. மூடப்பட்ட கடையின் உரிமையாளருடைய மகனும், அக்கடையில் வேலையிழந்த ஊழியரும் நாளை அதே சீருடையில் அதே வாகன நெரிசலில் சந்திப்பர். டிசம்பர் 31 அன்று விநியோகத் தொழிலாளர்கள் அறிவித்த வேலைநிறுத்தம், சிறு வணிகரைச் சிதைக்கும் அதே மூலதனத்திற்கு எதிரானது. இந்த உறவைக் கண்டுகொள்ளாத வணிகர் சங்கம் தன் இயல்பான நண்பனை இழக்கிறது.

இரண்டு தவறான பார்வைகள்

இயக்கத்திற்குள்ளும் இவ்விஷயத்தில் இரண்டு தவறான பார்வைகள் தலைகாட்டுகின்றன. ‘கடைக்காரர்கள் பாஜகவின் வாக்கு வங்கி, ஊழியரைச் சுரண்டுபவர்கள், அவர்களுக்காக நாம் ஏன் போராட வேண்டும்?’ என்பது ஒன்று. இதற்குச் சான்றாகக் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் ஒரு பாதி எடுத்துக்காட்டப்படுகிறது. சிறு வணிகர் தம் இருப்பைக் காக்கவே போராடுகின்றனர், ஆதலால் பழமைவாதிகள் என்று அவ்வறிக்கை சொல்வது உண்மை. பாட்டாளி வர்க்கத்தின் நிலைக்குத் தாம் தள்ளப்படவிருப்பதை உணரும்போது அவர்கள் புரட்சிகரப் பாத்திரம் வகிக்க முடியும் என்று அடுத்து வருவதும் அதே அறிக்கைதான். முதற்பாதியை மட்டும் படிப்பவர்கள் அவர்களை இந்துத்துவத்தின் கையில் ஒப்படைத்துவிடுகின்றனர்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. பொது எதிரியைச் சுட்டிக்காட்டி, கடை ஊழியரின் கோரிக்கையைப் பின்னுக்குத் தள்ளுவது. ‘இப்போது கூலி பேசினால் ஒற்றுமை குலையும்’ என்பது அதன் வாதம். இதைக் கேரளத்தின் அனுபவம் பொய்ப்பிக்கிறது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கவைக்கப்பட்ட பெண்களின் நெடிய போராட்டத்தின் பயனாக 2018-இல் இடது ஜனநாயக முன்னணி அரசு உட்கார்ந்து பணியாற்றும் உரிமையைச் சட்டமாக்கியது. நாற்காலி போட்டதால் எந்தக் கடையும் மூடப்படவில்லை. வணிகருக்கு ஒரு நல நிதியும் கடைத் தொழிலாளருக்கு ஒரு நல நிதியும் அம்மாநிலத்தில் தனித்தனியாக உள்ளன. ஒருவருடைய பாதுகாப்பு மற்றவருடைய இழப்பாக இருக்க வேண்டியதில்லை.

முன்வைக்க வேண்டியவை

சிறு கடைக்காரரால் ஊழியருக்குச் சட்டப்படியான கூலியும் காப்பீடும் தர இயலாது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். அதற்கான விடை ஊழியரைப் பட்டினி போடுவதன்று. பெரும் சில்லறை வணிக நிறுவனங்கள் மீதும் இணையத் தளங்கள் மீதும் தீர்வை விதித்து, அந்நிதியிலிருந்து மிகச் சிறிய கடைகளுக்கான முதலாளி பங்கை அரசே செலுத்தினால், பத்துப் பேருக்குக் குறைவான கடையின் ஊழியரையும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் கொண்டுவர முடியும். வணிகரின் ஓய்வூதியத்தையும் அதே நிதியைக் கொண்டு மதிப்புள்ளதாக்க முடியும்.

மின்வணிகத்திற்குத் தாமதமின்றிச் சட்டம். அடக்கவிலைக்குக் கீழான விற்பனைக்குத் தடை. இருட்டுக் கிடங்குகளுக்கு உள்ளாட்சி உரிமமும் இட வரையறையும். போட்டி ஆணைய வழக்குகளுக்குக் கால வரம்பு. வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் சில்லறை வணிகத்தைப் பணயம் வைக்காமை. இவற்றைத் தன் ஆண்டுத் திட்டத்தில் எழுதி, நிறைவேற்றாத அரசுக்கு எதிராகக் கடையடைக்கும் சங்கமே உறுப்பினருக்கு ஆதரவு தரும் சங்கம்.

தோழர்கள் தம் பகுதிக் கடைவீதிகளுக்குச் செல்ல வேண்டும். கல்லாவில் இருப்பவரிடமும் பேச வேண்டும். தராசருகே நிற்பவரிடமும் பேச வேண்டும். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருப்பவரிடமும் பேச வேண்டும். மூவரையும் நசுக்குவது ஒரே கை. அக்கையை மூவருக்கும் ஒருசேரச் சுட்டிக்காட்டும் பணியை எந்த வணிகர் கூட்டமைப்பும் செய்யப்போவதில்லை. அது நம்முடைய பணி.