பம்பைக் கழற்றுமுன் எண்ணெயைப் பாருங்கள்!

ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் நடு வயலில் நின்றுவிடுகிறது. "பம்பு போய்விட்டது" என்கிறார் மெக்கானிக். கடன் வாங்கிப் புதுப் பம்பு மாட்டுகிறார் உழவர். சில நாளில் அதுவும் படுத்துவிடுகிறது!

குற்றம் பம்பின் மேல் அல்ல, அவசரத்தின் மேல்.

எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1967-ம் ஆண்டிலேயே தன் 656 டிராக்டரில் இந்த முறையைக் கொண்டு வந்தது. என்ஜின் ஒரு பம்பைச் சுற்றும். பம்பு, எண்ணெயை அழுத்தி மோட்டாருக்கு அனுப்பும். மோட்டார் சக்கரத்தை ஓட்டும். பம்புக்குள் உள்ள தட்டைச் சாய்த்தால் வேகம் கூடும். நிமிர்த்தினால் வண்டி நிற்கும். மறுபக்கம் சாய்த்தால் பின்னால் போகும். நம் வயல்களுக்கு வரும் பெல்ட் அறுவடை எந்திரங்கள் சிலவற்றிலும் இதே அமைப்புதான்.

இதற்கு எண்ணெய்தான் உயிர். நாடி பார்க்காமல் கத்தியை எடுக்கும் வைத்தியர் உண்டா?

எண்ணெய் அளவு குறைந்திருக்கிறதா? நுரைக்கிறதா? காற்று புகுந்திருக்கிறது. பால் போல் வெளுத்திருக்கிறதா? தண்ணீர் கலந்திருக்கிறது. பம்பு 'ஊய்' என்று அலறினால், பில்டர் அடைத்து, எண்ணெய் போதாமல் தவிக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

வண்டி அசையவே இல்லையா? கட்டி இழுப்பதற்காகத் திறந்த வால்வை மூட மறந்திருக்கலாம். முன்னால் போய், பின்னால் போக மறுக்கிறதா? மிதி கம்பியையும், அந்தப் பக்கத்து வால்வையும் பாருங்கள். மிதியை விட்ட பிறகும் நகர்கிறதா? கம்பியைச் சரிசெய்தாலே போதுமானதாக இருக்கலாம்.

அப்படியானால் பம்பு கெடவே கெடாதா? கெடும். காலையில் நன்றாக இழுத்து, சூடேறியதும் துவண்டால், தேய்மானம் இருக்கலாம். சூட்டில் நீர்த்த எண்ணெய் தேய்ந்த இடுக்குகளில் கசிந்துவிடும். தகாத எண்ணெய் ஊற்றினாலும் இதே கோளாறு வரும். ஆகவே அப்போதும் ஊகம் கூடாது. அழுத்தமானியை மாட்டி, கம்பெனிப் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பில்டரை அறுத்துப் பார்த்தால், உள்ளே மின்னும் உலோகத் தூள் உண்மையைச் சொல்லிவிடும்.

அந்தத் தூள்தான் புதுப் பம்புக்கும் எமன்! குழாய்களையும் தொட்டியையும் கழுவாமல், பில்டரை மாற்றாமல் புதுப் பம்பு பூட்டுவது பணத்தைச் சேற்றில் போடுவதாகும்.

இன்னொரு எச்சரிக்கை. என்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசி போல் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சிறு புள்ளிதானே என்று இருந்தால் கையே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உழவர்களே! "பம்பு போச்சு" என்று யாராவது சொன்னால், "அழுத்தம் எவ்வளவு காட்டியது?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்!