காய்ச்சல் விட்ட நாள்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால், பல்கலைக்கழக விடுதிகளில் இரவும் பகலாகிவிடுகின்றது. தேநீரும் விசுக்கோத்தும் உணவாகின்றன. நித்திரை நாலு மணித்தியாலமாகச் சுருங்குகின்றது. இத்தகைய நாளொன்றிற் காய்ச்சல் வந்தால் மாணவர் செய்வது யாது? இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு மீண்டும் புத்தகத்தைத் திறக்கின்றனர். வீட்டார் தொலைபேசியில் விசாரித்தால், "நான் சுகமாய் இருக்கிறன் அம்மா" என்கின்றனர்.

அன்பினாற் கூறும் இந்தப் பொய்யைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1952ஆம் ஆண்டு பேராதனைக்குப் பெயர்ந்த காலந்தொட்டு, எம் பிள்ளைகள் பலர் வீட்டை விட்டு நெடுந்தூரம் சென்று விடுதிகளிலே தங்கிக் கற்று வருகின்றனர். வீட்டிலிருக்கும் பிள்ளையின் நெற்றி சுட்டால் அதனை முதலில் அறிபவள் தாய். விடுதியிலோ நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார் எவருமிலர். அங்கே ஒவ்வொரு மாணவரும் தமக்குத் தாமே தாயாகவும் இருக்க வேண்டியுள்ளது.

எமக்கு வேண்டிய குடும்பமொன்றின் மகன் மூன்று நாட்கள் காய்ச்சலோடு படித்துக்கொண்டிருந்தான். நாலாம் நாட்காலை உடம்பு குளிர்ந்திருந்தது. "விட்டுவிட்டது" என மகிழ்ந்து நூலகத்துக்குப் புறப்பட்டான். ஆனால், அவன் இருமுறை வாந்தி எடுத்ததையும், வயிற்றைப் பிடித்தபடி தள்ளாடியதையும் அறைத்தோழன் கண்டான். மறுத்தவனை விடாப்பிடியாக முச்சக்கர வண்டியில் ஏற்றி அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றான். நோய் டெங்கு. மாலைவரை காத்திராமல் வந்தது நல்லதாயிற்று என்றார் வைத்தியர்.

டெங்கு நோயின் வஞ்சகம் இதுவே. காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆபத்துத் தொடங்கக்கூடும். பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், சிலருக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி மெல்லிய குழாய்களினூடாக வெளியே கசிகின்றது. 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும் இந்நிலையை உடல்வெப்பமானி காட்டாது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 180,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆதலின் இதனைச் சிறு நோயென எண்ணுதல் தகாது.

மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டியவை சில உள. காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குச் சென்று, வைத்தியர் கூறியபடி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மூன்றாம் நாளைத் தாண்ட விடாதீர்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே போதும். அதனையும் உடல் நிறைக்கேற்ற அளவிலே, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறைக்கு மேற்படாமல் எடுத்தல் வேண்டும். உடம்பு நோகின்றதென அஸ்பிரின், இபுபுறோபன், டைக்குளோபினாக் முதலியவற்றை விழுங்குதல் கூடாது. அவை இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். வெறுந் தண்ணீரை மாத்திரம் குடியாமல், கஞ்சி, இளநீர், பழச்சாறு, ஜீவனிக் கரைசல் என்பவற்றையும் பருகுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். வாந்தியில் இரத்தம் கலந்துள்ளதோவென வைத்தியர் மயங்க நேரிடும்.

கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, முரசில் அல்லது மூக்கில் இரத்தம், எழுந்து நிற்க இயலாத களைப்பு, கைகால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், காய்ச்சல் விட்டிருந்தாலும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். தகுந்த வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தை உரிய காலத்திற் கொடுப்போருக்குத் தவறிய பரீட்சையைப் பின்னர் எழுத வழியுண்டு. உயிருக்கு அவ்வாறு இரண்டாந் தவணை இல்லை.

அறைத்தோழருக்கும் ஒரு கடமையுண்டு. பக்கத்துக் கட்டிலிற் கிடப்பவன் உண்டானா, நீர் அருந்தினானா என்று கேளுங்கள். வாரத்தில் ஒருநாள் அறையைச் சுற்றிக் கிடக்கும் போத்தல், வாளி, சிரட்டை முதலியவற்றில் தேங்கிய நீரைக் கவிழ்த்து விடுங்கள். டெங்கு நுளம்பு பெரும்பாலும் தெளிந்த நீரிலே பெருகுகின்றது, பெரும்பாலும் பகலிலே கடிக்கின்றது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் அழைக்கும்போது, "படிச்சியா?" என்பதை முதற் கேள்வியாகக் கேட்கின்றோம். பிள்ளை நோயை மறைப்பதற்கு அக்கேள்வியும் ஒரு காரணம் என்பதை நாம் மறத்தலாகாது. "சாப்பிட்டியா? உடம்பு எப்படி?" என்று முதலிற் கேட்போமாக. "எனக்குச் சுகமில்லை அம்மா" என்று அஞ்சாமற் சொல்லக்கூடிய பிள்ளைக்கு, வீடு எத்தனை மைல் தொலைவில் இருந்தாலும் தாயின் கை நெற்றியில் இருப்பதற்கு ஒப்பாகும்.