கியர் மாத்தினா குதிரை குறையுமா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு காரைப் பத்தி என்ன தெரியும்னு கேட்டுட்டாங்க. சரி, கணக்காவே பேசுவோம்.

1999-2004 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடியில் பின் அச்சு கியர் விகிதம் 3.27. அமெரிக்காவில் பல பேர் அதைக் கழட்டிட்டு 4.10 போடுவாங்க. அப்புறம் டைனோவில் ஏத்தினா சக்தி கொஞ்சம் குறைஞ்சு காட்டும். உடனே "பவர் போச்சு"ன்னு எங்க கேன்டீனில் தீர்ப்பு. சுத்தப் பேத்தல்!

ரெண்டு விகிதத்தையும் வகுத்துப் பாருங்க. சக்கரத்துக்கு வர்ற முறுக்கு விசை 25 சதவீதம் கூடுது. அதே எஞ்சின் சுற்றில் சக்கரத்தோட வேகம் 20 சதவீதம் குறையுது. சக்தி என்பது இந்த ரெண்டோட பெருக்கல். 1.25ஐ 0.8ஆல் பெருக்கினா? நூறு ரூபாயைப் பத்துப் பத்தா மாத்தினவன் ஏழையாயிடுவானா என்ன!

அப்ப டைனோ பொய் சொல்லுதா? அப்படியும் இல்லை. டைனோஜெட் மாதிரி மெஷினில் கனமான உருளை ஒண்ணு இருக்கு. அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்குதுன்னு பார்த்துத்தான் குதிரைத்திறனைக் கணக்குப் போடுது. 4.10 போட்டா எஞ்சின் சட்டுனு சுற்று ஏறிடும். அப்படி ஏற, ஃப்ளைவீலையும் கிராங்க்கையும் வேகமா முடுக்கவே கூடுதல் சக்தி செலவாகுது. அந்தப் பங்கு உருளைக்கு வந்து சேராது. போதாததுக்கு கியர் பல்லோட உராய்வும் கொஞ்சம் கமிஷன் அடிக்கும். சுற்றை ஒரே அளவில் நிறுத்தி அளக்கிற டைனோவில் இந்த ஃப்ளைவீல் செலவே கிடையாது.

அதே வண்டியை ரோட்டில் விடுங்க, முன்னைவிடத் துள்ளிக் கிளம்பும். ஹைவேயில் எஞ்சின் கத்தும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். அதைச் சொல்லித் திட்டுங்க, ஒத்துக்கறேன். டைனோ சீட்டை மட்டும் நீட்டாதீங்க.